பிறவி உள்நோக்கு மாறுகண்ணும் இரண்டு அறுவைகளும்: காங்கேயம் பக்கத்துக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பிறந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கி, கண் மூக்கை நோக்கிப் பெரிய கோணத்தில் நிலையாகத் திரும்பிவிடும் மாறுகண்ணுக்குக் கண் தசை அறுவையே முதன்மைச் சிகிச்சை என்பதில் கண் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. எந்த வயதில் செய்வது, தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது, அதற்கு முன் நல்ல கண்ணை எவ்வளவு காலம் மறைத்து வைப்பது என்பவற்றில்தான் ஆளுக்கொரு பழக்கம் உண்டு. இங்கே விவரிக்கும் நிகழ்வு அபூர்வமானதன்று. குழந்தைகள் கண் பிரிவில் வேலை செய்யும் எவரும் இதைப் போன்றவற்றைப் பார்த்திருப்பார்கள். முதல் அறுவை நல்லபடியாக முடிந்து ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகு கண் மறுபடி விலகியபோது, ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று குடும்பமே முடிவுகட்டியதும், அது ஏன் அப்படியில்லை என்று உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்ததுமே இதை முழுமையாக எழுதக் காரணம். தசையை நகர்த்தினால் கண் இருக்கும் திசை திருந்துகிறது. இரண்டு கண்களின் காட்சியையும் ஒன்றாக இணைக்கும் மூளையின் ஆற்றலில் பிறந்த நாள் முதல் இருக்கும் குறை அதனால் நீங்குவதில்லை. இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடம் கத்தி எடுக்கும் முன்பே சொல்லிவிடுவதும் அறுவைச் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது என் கருத்து. குடும்பத்தின் அடையாளம் வெளிப்படாதபடி ஊர்ப்பெயரும் வேறு சில விவரங்களும் இங்கே தரப்படவில்லை.

குழந்தை வந்த நிலை

குழந்தை முதன்முதலில் வந்தபோது வயது ஒன்பது மாதம், காலம் வைகாசி. தந்தை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தாய் காங்கேயம் பக்கத்துச் சிற்றூரில் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு மாடு கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறார். முதல் பிரசவம், நிறைமாதச் சுகப்பிரசவம், பிறப்பு எடை 2.8 கிலோ. இன்குபேட்டரில் வைக்கும் தேவை ஏற்படவில்லை. தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது எல்லாம் உரிய காலத்தில் நடந்திருக்கின்றன. வலிப்பு, தலையில் அடி, நெடுங்காய்ச்சல் எதுவும் இல்லை. பெற்றோர் இருவருக்கும் மாறுகண் இல்லை. தந்தையின் தங்கை சிறு வயதிலிருந்து தடித்த பிளஸ் கண்ணாடி போடுகிறார் என்பது இரண்டு மூன்று முறை கேட்ட பிறகுதான் தெரியவந்தது.

கண் எப்போது மாறியது என்பதில் இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஆறாம் மாதத்தில் சளிக் காய்ச்சல் வந்ததற்குப் பிறகுதான் என்றார் அப்பத்தா. தாயின் பதில் வேறாக இருந்தது. "ஏனுங் டாக்டர், பொறந்த வீட்டுல இருக்கையில, மூணாம் மாசமே எங்கம்மா சொல்லுச்சுங்க, கண்ணு மூக்கப் பாக்குதுன்னு. நாந்தான் வளர வளரச் சரியாயிரும்னு உட்டுட்டனுங்க" என்றார். இது வீண் வழக்கன்று. ஆறு மாதத்துக்கு முன் தொடங்கியதா, காய்ச்சலுக்குப் பின் திடீரென வந்ததா என்பதைப் பொறுத்து நோயின் பெயரே மாறும்; பின்னதாக இருந்தால் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் மூளை நரம்பின் செயலிழப்பையும் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருப்பதையும் முதலில் தேட வேண்டும். தாயின் செல்போனில் இருந்த படங்களைத் தேதி வாரியாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனோம். தொட்டில் கட்டிய நாளில் எடுத்த படங்களில் கண் மூடியே இருந்தது. மூன்றரை மாதத்தில் அமுச்சியின் (தாயின் அம்மா) மடியில் எடுத்த படம் ஒன்றில் ஃபிளாஷ் வெளிச்சத்தின் புள்ளி வலக் கண்ணில் கண்மணியின் நடுவிலும், இடக் கண்ணில் வெளிப்பக்கம் நன்றாக விலகியும் விழுந்திருந்தது. அதற்குப் பின் வந்த எல்லாப் படங்களிலும் அப்படியே. கண் மாறியது காய்ச்சலுக்கு முன்பே என்பது அந்த ஒரு படத்தில் தெளிவாகிவிட்டது. மாறுகண் குழந்தைகளின் பெற்றோரிடம் பழைய போட்டோக்களைக் கேட்பது, பல நேரங்களில் ஸ்கேன் எழுதுவதைக் காட்டிலும் பயனுள்ளதாக இருக்கிறது.

பிறந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் குழந்தையின் கண்கள் அவ்வப்போது உள்ளும் வெளியுமாக விலகுவது இயல்பு. அது பெரும்பாலும் நான்காம் மாதத்துக்குள் நின்றுவிடும். 'வளர வளரச் சரியாயிரும்' என்ற ஊர்ப்பேச்சுக்கு அந்த அளவில் அடிப்படை உண்டு. ஆனால் கோணம் பெரிதாக, 40 பிரிசம் டையாப்டருக்கு (கண் விலகும் கோணத்தை அளக்கும் அலகு) மேல், எந்நேரமும் நிலையாக இருக்கும் குழந்தைகளில் அது தானாகச் சரியாவது மிக அரிது என்பதை இத்தகைய குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியிருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு உள்ளூரில் ஒருவர் ஐந்து வயது ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். மாறுகண் வீட்டுக்கு ராசி என்று அக்கம்பக்கத்தில் சொன்னவர்களும் இருந்திருக்கிறார்கள். அதைத் தாய் சிரிக்காமலேயே சொன்னார்.

பரிசோதனை

ஒன்பது மாதக் குழந்தையிடம் எழுத்து அட்டை செல்லாது. சத்தம் எழுப்பாத சிறு பொம்மை ஒன்றைக் காட்டினோம். கிலுகிலுப்பையைக் காட்டினால் குழந்தை ஓசைக்குத் திரும்புகிறதா காட்சிக்குத் திரும்புகிறதா என்று தெரியாது. வலக் கண்ணால் பொம்மையை நேராகப் பார்த்தது, நகர்த்தினால் பின்தொடர்ந்தது. இடக் கண்ணை உள்ளங்கையால் மறைத்தபோது சும்மா இருந்தது. வலக் கண்ணை மறைத்தவுடன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கையைத் தட்டிவிட்டு அழுதது. திரும்பத் திரும்பச் செய்தபோதும் இதேதான். இடக் கண், மூளை பயன்படுத்தாததால் பார்வை பின்தங்கும் சோம்பேறிக் கண்ணாக மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த வயதில் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒரு கண்ணை மறைக்கும்போது மற்ற கண்ணில் மெல்லிய துடிப்பும் தெரிந்தது; இரு கண்ணும் திறந்திருக்கையில் அது அடங்கிவிட்டது. இந்த மறைநிலை விழித்துடிப்பு இந்நோயுடன் அடிக்கடி சேர்ந்து வருவது.

டார்ச் வெளிச்சத்தில் இடக் கண்ணின் ஒளிப்புள்ளி, கண்மணியின் வெளி விளிம்புக்கும் கருவிழியின் விளிம்புக்கும் ஏறத்தாழ நடுவில் விழுந்தது. புள்ளி 1 மில்லிமீட்டர் விலகினால் சுமார் 7 பாகை, அதாவது சுமார் 15 பிரிசம் டையாப்டர் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அறுவைக்கு இந்த மதிப்பீடு போதாது. பார்க்கும் கண்ணின் முன் பிரிசத்தை அதன் அடிப்பாகம் வெளிப்பக்கம் இருக்குமாறு பிடித்து, மாறிய கண்ணின் ஒளிப்புள்ளி நடுவுக்கு வரும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போனபோது 50 பிரிசம் டையாப்டரில் நடுவுக்கு வந்தது. இந்த அளவை வேறு வேறு நாளில் எடுத்துப் பார்த்து, மாறாமல் இருப்பதை உறுதி செய்த பிறகே அறுவைத் திட்டம் எழுதப்பட்டது. பசியிலோ தூக்கத்திலோ இருக்கும் குழந்தையிடம் எடுத்த ஒரே அளவை நம்பித் தசையை நகர்த்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது, கண்கள் வெளிப்பக்கமாக முழுமையாகத் திரும்புகின்றனவா என்பது. குழந்தை தானாக இடப்பக்கம் பார்க்கும்போது இடக் கண் வெளிப்பக்கம் போகவே இல்லை. இதை மட்டும் பார்த்தால் நரம்புச் செயலிழப்பு என்று தோன்றும். குழந்தையைத் தாயின் கையில் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லித் தலையைச் சட்டென வலப்பக்கம் திருப்பியபோது இரண்டு கண்களும் இடப்பக்கம் முழுமையாக ஓடின, மறுபக்கமும் அவ்வாறே. வலக் கண்ணை மறைத்துச் சிறிது நேரம் விட்டபோதும் இடக் கண் வெளிப்பக்கம் போனது. ஆறாம் நரம்பு நன்றாக இருக்கிறது. உள்பக்கம் திரும்பும்போது விழி உள்வாங்குவதோ இமைப்பிளவு சுருங்குவதோ இல்லை. ஆகையால் பிறவியிலேயே கண் அசைவு குறைந்திருக்கும் டுவேன் நோய்த்தொகுதியும் விலக்கப்பட்டது. முகத்தசைகள் இருபுறமும் ஒன்றுபோல் அசைந்ததால், முக நரம்பும் செயலிழந்திருக்கும் மோபியஸ் நோய்த்தொகுதியை நினைக்க இடமில்லை.

கண்ணாடி பவர் பார்க்க அட்ரோபின் 1 சதவீதக் களிம்பை மூன்று நாள் வீட்டில் போட்டுவிட்டு வரச் சொன்னோம். சிறிய குழந்தைக்குக் களிம்பே சொட்டு மருந்தைக் காட்டிலும் பாதுகாப்பானது. உடலுக்குள் போகும் அளவு குறைவு. முகம் சிவக்கலாம், உடம்பு சுடலாம், வாய் உலரலாம். அதிகமானால் மருந்தை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், வைகாசி வெயிலில் குழந்தையின் முகம் சிவந்ததைக் கண்டு அப்பத்தா பயந்துபோய்த் தொலைபேசியில் கூப்பிட்டார். பரிசோதனையில் இரு கண்களிலும் பிளஸ் 2.00 மட்டுமே இருந்தது. அந்த வயதுக்கு அது இயல்பான அளவு; 50 பிரிசம் டையாப்டர் விலகலுக்கு அது காரணமாக முடியாது; கண்ணாடி கொடுக்கவில்லை. விழித்திரை, பார்வை நரம்பு இரண்டும் நன்றாக இருந்தன. விழித்திரையைப் பார்க்காமல் எந்தக் குழந்தையின் மாறுகண்ணையும் வெறும் மாறுகண் என்று எழுதக் கூடாது; விழித்திரைப் புற்றுநோய் சில குழந்தைகளில் முதலில் மாறுகண்ணாகத்தான் தலைகாட்டும்.

அறுவைக்கு முன்

நோய் இன்னதென்று முடிவானதும் அறுவைக்கு நாள் குறிக்கவில்லை. முதலில் வலக் கண்ணை நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒட்டுப்போட்டு மறைக்கச் சொன்னோம். இடக் கண்ணுக்குப் பார்வை பின்தங்கிய நிலையில் அறுவை செய்தால், இரு கண்களையும் நேராக நிறுத்தி வைக்க மூளைக்குத் தூண்டுதல் இருக்காது. கண் திரும்ப விலகிவிடும். இரண்டு கண்களும் மாறி மாறிப் பார்க்கும் நிலை வந்தபின் அறுவை செய்வது நல்லது. அதே வேளையில் இத்தனை சிறிய வயதில் நல்ல கண்ணை அளவுக்கு மீறி மறைத்தால் அந்தக் கண்ணே சோம்பேறியாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே அடிக்கடி வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

சொல்வது எளிது. வியர்வையில் ஒட்டு நிற்கவில்லை. நின்றபோது குழந்தை பிய்த்து எறிந்தது. கன்னத்தில் தடிப்பு வந்தது. தாயே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் கட்டுத்தரையில் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடும் நேரத்தில் ஒட்டைப் போட்டுவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வார். கன்று துள்ளும்வரை குழந்தை ஒட்டை மறந்துவிடும். மாலையில் மறுபடி ஒரு மணி நேரம். ஒட்டுப்போடும் நேரத்தில் குழந்தை பார்க்க விரும்பும் ஏதாவது எதிரில் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை நான் இப்போது பெற்றோரிடம் அவர் சொன்னபடிதான் சொல்கிறேன்.

வீட்டில் வேறொரு தடை எழுந்தது. குலதெய்வக் கோயிலில் முடி எடுத்துக் காது குத்தாமல் குழந்தையின் மேல் கத்தி வைக்கக் கூடாது என்றார் அப்பத்தா. அதற்குள் ஆடி பிறக்கிறது, ஆடியில் காது குத்த முடியாது, ஆவணியில்தான் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு மறுப்பு இல்லை. ஒட்டுப்போடும் சிகிச்சைக்கு எப்படியும் அந்தக் காலம் தேவைப்பட்டது. ஆவணிக்கு மேல் தள்ளக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். அதற்குள் குழந்தை இரு கண்களாலும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. வலக் கண்ணை மறைத்தாலும் அழுவதில்லை. கோணம் அதே 50.

காலத்தைப் பற்றி நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. மூளை ஆய்வாளர்கள் ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டிகளிலும் குரங்குகளிலும் செய்த ஆய்வுகள் (1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது) இரு கண்களிலிருந்தும் வரும் செய்திகளைச் சேர்த்து வாங்கும் மூளை உயிரணுக்கள் பிறந்த சில காலத்துக்குள் ஒத்த காட்சியைப் பெறாவிட்டால் அந்தத் திறனை இழந்துவிடுகின்றன என்று காட்டின. ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 24 மாதத்துக்குள் அறுவை திட்டமிடப்பட்ட குழந்தைகளில் 13.5 சதவீதத்தினருக்கு ஆறு வயதில் ஓரளவு ஆழப்பார்வை (இரு கண்களின் காட்சியையும் இணைத்து முன்பின் தூரத்தை அறியும் திறன்) இருந்தது; 32 முதல் 60 மாதத்துக்குள் திட்டமிடப்பட்டவர்களில் அது 3.9 சதவீதம். முன்னதே மேல் என்பது தெளிவு. ஆனால் முன்னதிலும் பெரும்பான்மையினருக்கு ஆழப்பார்வை வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆய்விலேயே, காத்திருந்த குழந்தைகளில் சிலருக்கு அறுவை தேவைப்படாமலே போனதும் பதிவாகியிருக்கிறது. சிறிய கோணம், மாறிக்கொண்டே இருக்கும் கோணம் உள்ளவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்பதற்கு அது நல்ல ஆதாரம். இந்தக் குழந்தை அந்த வகையைச் சேர்ந்ததன்று.

ஒப்புதல் கையெழுத்து வாங்கும் முன் பெற்றோர், அப்பத்தா, அமுச்சி எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினோம். ஒரு கண்தானே மாறியிருக்கிறது, நல்ல கண்ணில் ஏன் கை வைக்கிறீர்கள் என்றார் தந்தை. மாறுகண் என்பது இரண்டு கண்களுக்கும் இடையிலான கோணம். அதை இருபுறமும் பங்கிட்டுத் திருத்தினால் ஒரு கண்ணின் அசைவை மட்டும் முடக்காமல் இருக்கலாம் என்று விளக்கினேன். இரண்டாவது அறுவை தேவைப்படலாம் என்பதையும், பிற்காலத்தில் கண் மேல்நோக்கி ஓடலாம், கண்ணாடி வரலாம் என்பதையும் அப்போதே சொல்லி, நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதியும் கொடுத்தோம்.

முதல் அறுவை

பதின்மூன்றாம் மாதத்தில், ஆவணிக் கடைசியில், மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்த சில நாட்களில் குழந்தை அனுமதிக்கப்பட்டது. முதல் நாள் இரவே வார்டில் தங்கவைத்தோம். விடியற்காலைப் பஸ்ஸில் பசியோடு கொண்டுவருவது குழந்தைக்கும் தாய்க்கும் கொடுமை. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்னும், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்தப்பட்டன. காலையில் முதல் கேஸாக எடுத்துக்கொண்டோம்.

முழு மயக்கத்தில், கண்ணைக் கிடுக்கியால் பிடித்து எல்லாத் திசையிலும் இழுத்துப் பார்த்ததில் எங்கும் இறுக்கம் இல்லை. திட்டம், கண்ணை மூக்குப் பக்கம் இழுக்கும் உள் நேர்தசையை இரு கண்களிலும் 6 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்துவது. எந்தக் கோணத்துக்குத் தசையை எவ்வளவு நகர்த்துவது என்று சொல்லும் பார்க்ஸ் அளவுப் பட்டியலில் 50 பிரிசம் டையாப்டருக்கு உரிய அளவு அதுதான். பிறந்த குழந்தையின் விழி முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டரும் பெரியவரின் விழி சுமார் 24 மில்லிமீட்டரும் நீளம் என்பதை நினைவில் கொண்டால், இந்த வயதில் அரை மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும் என்பது விளங்கும்.

கண்ணின் கீழ் உள் மூலையில், இமை மறைக்கும் மடிப்பில், மேற்சவ்வில் சிறு கீறல் போட்டு உள்ளே போனோம். இவ்வழியில் தழும்பு வெளியே தெரியாது. கொக்கியைத் தசையின் அடியில் விட்டு முன்னே இழுத்தபோது இதயத்துடிப்பு மளமளவென்று இறங்கியது. "விடுங்க சார்" என்றார் மயக்க மருந்து நிபுணர். கொக்கியைத் தளர்த்தியதும் துடிப்பு ஏறியது. தசையை இழுக்கும்போது முக்கிளை நரம்பின் வழி மூளைத்தண்டுக்குப் போகும் செய்தி வேகஸ் நரம்பின் வழி இதயத்துக்குத் திரும்பி அதை மந்தமாக்கும்; 1908 முதல் அறியப்பட்ட அனிச்சை இது. குழந்தைகளிடத்தில் வலுவாக இருக்கும். அட்ரோபின் ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்து மெதுவாகத் தொடர்ந்தோம். பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. மாறுகண் அறுவையில் நிபுணரின் கண் மானிட்டரை விட்டு அகலாதிருக்க வேண்டும் என்பதற்கு இந்தச் சில நொடிகளே போதும்.

உள் நேர்தசை கருவிழி விளிம்பிலிருந்து சராசரியாக 5.5 மில்லிமீட்டர் தொலைவில் விழியோடு இணைகிறது. நான்கு நேர்தசைகளில் விளிம்புக்கு மிக அருகில் இணைவது இதுவே. இணையுமிடத்துக்குச் சற்றுப் பின்னால் தசையின் இரு ஓரங்களிலும் 6-0 பாலிகிளாக்டின் என்னும் தானே கரையும் தையல் இழையைக் கோத்துப் பூட்டு முடிச்சு இட்டு, அதன் பிறகே தசையை விழியிலிருந்து வெட்டினோம். முடிச்சு சரியாகப் பூட்டாமல் வெட்டினால் தசை உள்ளே நழுவிப்போகும். அதைத் தேடி எடுப்பது போலப் பரிதாபமான வேலை இந்தத் துறையில் வேறில்லை. காலிப்பரில் 6 மில்லிமீட்டர் அளந்து குறியிட்ட இடத்தில், தட்டையான ஊசியை வெண்படலத்தின் மேலடுக்கில் படுக்கையாக ஓட்டித் தசையைத் தைத்தோம். நேர்தசை இணைப்புக்கு நேர் பின்னால் வெண்படலம் 0.3 மில்லிமீட்டர்தான் கனம். ஊசி சற்று ஆழ்ந்தால் விழித்திரைவரை துளை விழும். ஊசி போகும் வழி முழுவதும் படலத்தினூடே கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். மறு கண்ணிலும் இதே முறை.

பெர்லினில் 1839-ல் அறுவை மருத்துவர் டீஃபென்பாக் முதன்முதலாக ஒரு சிறுவனின் மாறுகண்ணுக்குத் தசையை அறுத்தபோது, அறுத்த தசையை எங்கும் தைக்கவில்லை. அந்த முறையைப் பின்பற்றியவர்களின் நோயாளிகளில் பலருக்குக் கண் பிற்காலத்தில் வெளிப்பக்கமாகப் போய்விட்டது. அளந்து, குறியிட்டு, தைக்கும் இன்றைய பழக்கம் அந்த அனுபவத்தின் மேல் எழுந்தது.

முதல் சில மாதங்கள்

அன்று மாலை ஒருமுறை வாந்தி எடுத்தது. மாறுகண் அறுவைக்குப் பின் வாந்தி வழக்கமானது, ஊசியில் அடங்கிவிட்டது. கண்ணீர் சிவப்பாக வரும் என்று சொல்லி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை. ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டிராய்டும் சேர்ந்த சொட்டு மருந்து கொடுத்தனுப்பினோம். வீட்டுக்குப் போகும்போது மிக வலியுறுத்திச் சொன்னது, கண்ணில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடக் கூடாது, நந்தியாவட்டைப் பூ வைக்கக் கூடாது, தலைக்கு ஊற்றுவதைச் சில நாட்களுக்கு நிறுத்த வேண்டும் என்பது. அமுச்சி தயங்கித் தயங்கி, "பூவு குளிர்ச்சிங்களே சாமி" என்றார். தையல் ஆறும்வரை எந்தக் குளிர்ச்சியும் வேண்டாம் என்றேன், சரியென்றார்.

ஆறு வாரத்தில் கண்கள் பார்வைக்கு நேராக இருந்தன. பிரிசத்தில் உள்நோக்கு 8. பத்துக்குள் வந்தால் மூளை அந்தச் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு, நடுப்பார்வையை ஒரு கண்ணுக்கு ஒதுக்கி, சுற்றுப்பார்வையில் இரு கண்களையும் இணைக்கக் கற்றுக்கொள்ளும். இந்த நோயில் எட்டக்கூடிய நல்ல இலக்கு பெரும்பாலும் அதுதான்; முற்றும் பூஜ்யம் என்ற எதிர்பார்ப்பைப் பெற்றோரிடம் வளர்க்கக் கூடாது. ஒட்டுப்போடுவதை நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்துத் தொடரச் சொன்னோம்.

மறுபடி விலகியது

இரண்டரை வயதில் குழந்தை இரண்டு விதமான புகாருடன் வந்தாள். கிட்டத்தில் எதையாவது உற்றுப் பார்க்கும்போது கண் மீண்டும் உள்ளே போகிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது மூக்கோரம் இருக்கும் கண் மேலே ஓடுகிறது. தந்தை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "அவ்வளவு செலவு பண்ணி, அவ்வளவு அலைஞ்சு, திரும்ப அதேதானுங்களா? ஆபரேஷன் பெயிலாயிருச்சுங்களா?" என்று அவர் கேட்டதில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம் தெரிந்தது.

உள்நோக்கு அளவு 20. சைக்ளோபென்டோலேட் என்னும் சொட்டு மருந்து போட்டுப் பார்த்ததில் பிளஸ் பவர் இரு கண்களிலும் 3.00-ஆக ஏறியிருந்தது. பிளஸ் பவர் உள்ள குழந்தை தெளிவாகப் பார்க்கக் கண்ணின் லென்ஸை இறுக்குகிறது. லென்ஸை இறுக்கும் அதே கட்டளை கண்களை உள்ளேயும் இழுக்கிறது. இரு கண்களையும் பிணைத்துப் பிடிக்கும் ஆற்றல் பலவீனமாக உள்ள குழந்தையால் அந்த இழுப்பைத் தாங்க முடிவதில்லை. அறுவைக்கு முன் இதன் பங்கு இல்லை; பின்னால் வந்து சேர்ந்தது. முழுப் பவரும் கண்ணாடியில் கொடுத்தோம். மூன்று மாதத்தில் அளவு 8-க்குத் திரும்பியது. கத்தியைத் தொடாமலே ஒரு புகார் முடிந்தது. தந்தையின் தங்கை போடும் கண்ணாடி அப்போதுதான் அனைவருக்கும் நினைவுக்கு வந்தது.

மேலே ஓடுவது வேறு கதை. அதில் இரண்டு கூறுகள் கலந்திருந்தன. ஒன்று, கண்ணை மேலே தூக்கும் கீழ்ச் சாய்தசை மிகையாக இயங்குவது. அதனால்தான் உள்பக்கம் திரும்பிய கண் மேலேறியது. இன்னொன்று, ஒரு கண்ணை மறைத்தால் அதே கண் மறைப்புக்குப் பின்னால் மெல்ல மேலேறி வெளிப்பக்கம் சுழன்று, மறைப்பை எடுத்ததும் இறங்குவது. குழந்தை களைத்திருக்கும்போது மறைக்காமலே இது தெரியும். இரண்டுமே பிறவி உள்நோக்கு மாறுகண்ணின் கூடப்பிறந்தவை. பெரும்பாலும் ஓரிரு வயதுக்கு மேல் வெளிப்படுகின்றன. முதல் அறுவை எவ்வளவு கச்சிதமாக நடந்திருந்தாலும் வருகின்றன. நோட்டுப் புத்தகத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த பக்கத்தைத் தாய் எடுத்துத் தந்தையிடம் காட்டினார். அதன் பின் பேச்சு இலகுவானது.

இதற்கு அவசரப்படவில்லை. மேலேறும் அளவு கூடுகிறதா, குழந்தையின் தோற்றத்தைப் பாதிக்கிறதா என்று கவனித்தோம். நான்கு வயதில் பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்யத் தொடங்கியதாகத் தாய் சொன்னார், அளவும் கூடியிருந்தது. இரண்டாவது அறுவையில் இரு கண்களிலும் கீழ்ச் சாய்தசையை அதன் இணைப்பிலிருந்து விடுவித்து, கீழ் நேர்தசையின் இணைப்பையொட்டி வெளி ஓரத்தில் முன்னுக்குக் கொண்டுவந்து தைத்தோம். இடம் மாறிய தசை கண்ணை மேலே தூக்குவதற்குப் பதிலாக மேலேறுவதைத் தடுக்கிறது. இரு கூறுகளுக்கும் ஒரே அறுவையில் பதில் கிடைப்பதால் இந்த முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. இரு கண்களுக்கும் சமமாகச் செய்யாவிட்டால் மேல் கீழ் வேறுபாடு புதிதாக முளைக்கும். உள் நேர்தசைகளைத் தொடவில்லை. இரண்டாவது அறுவைக்கு அப்பத்தா நாள் நட்சத்திரம் பார்க்கவில்லை. பள்ளி லீவு நாளை மட்டும் கேட்டார்.

இன்றைய நிலை

ஆறு வயதில் கண்ணாடியுடன் பார்வை வலக் கண்ணில் 6/6, இடக் கண்ணில் 6/9. கிட்டத்திலும் எட்டத்திலும் உள்நோக்கு 6 முதல் 8 வரை. கண்ணாடியைக் கழற்றினால் கூடுகிறது. மேலேறுவது உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவு. இரு கண்களும் சேர்ந்து பார்க்கின்றனவா என்று காட்டும் நான்கு ஒளிப்புள்ளிச் சோதனையில் கிட்டத்தில் நான்கும் தெரிகின்றன. எட்டத்தில் இடக் கண்ணின் காட்சியை மூளை அடக்கிவிடுகிறது. ஆழப்பார்வைக்கான படத்தில் பெரிய ஈயைக் காட்டி இறகைப் பிடிக்கச் சொன்னபோது, விரல்கள் தாளுக்கு மேலே காற்றிலேயே குவிந்தன; ஈ அவளுக்குத் தாளிலிருந்து மேலெழுந்து தெரிந்தது. அதற்கடுத்த நுண்ணிய வட்டங்களில் எதையும் அவளால் வேறுபடுத்த முடியவில்லை. நூல் கோப்பது போன்ற மிக நுட்பமான ஆழப்பார்வை இவளுக்கு வராது என்பதைப் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறோம். படிக்க, ஓட, மிதிவண்டி ஓட்ட அது தடையில்லை.

இடக் கண் மீண்டும் பின்தங்காதிருக்க எட்டு ஒன்பது வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையும், ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து போட்டுக் கண்ணாடிப் பவரும் பார்க்கப்படும். நகர்த்திய உள் நேர்தசைகள் ஆண்டுகள் கழித்து வலுவிழந்து கண் வெளிப்பக்கம் போகும் வாய்ப்பு இருப்பதால் அதற்குப் பிறகும் வருகை முற்றிலும் நிற்காது. இடையில் பிறந்த தம்பியை நான்காம் மாதத்திலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அகன்ற மூக்குத்தண்டும் கண்ணோர மடிப்பும் மாறுகண் போலத் தோற்றம் காட்டினவேயன்றி ஒளிப்புள்ளி இரு கண்ணிலும் நடுவில்தான் விழுந்தது. அக்காவுக்கும் அத்தைக்கும் பிளஸ் பவர் இருப்பதால் அவனுக்கும் ஒரு வயதில் அட்ரோபின் போட்டுப் பவர் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறோம்.